அறுநூற்று நாற்பது கிராம்

மீன் தராசில்தான் நிறுத்துப் பார்த்தேன்.
குண்டில்லாமல் அறுநூற்று நாற்பது,
ஒரு பாரைக்குஞ்சுக்குக் கொஞ்சம் கூட.
மற்றது சாம்பல் நிறம், கலப்பு உலோகம்,
முந்நூற்று முப்பதுதான்.
தட்டில் வைத்தபோது முள்
எழும்புவதா என்று யோசித்தது.

ஒஸ்மண்ட் பார்த்தலோட் சொன்னார்:
“லேசானதை எடுங்கோ மிஸிஸ் யோகநாயகி,
பையில கிடக்கிறதே தெரியாது.”
கொழும்புக் கடையின் ஆள் அவர்,
சுங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர்,
உவர்மலையில் பிறந்தவர்.
விற்கிறவர் எடையைத்தான் முதலில் சொல்வார்.
உதைப்பை நாங்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்டேன்.
“கொஞ்சம் உதைக்கும்,” என்றார்,
அடுத்த வீட்டுக் கழுதையைப் பற்றிச் சொல்வதுபோல.

போன ஆனியில்
திருக்கடலூரிலிருந்து ஐஸ் காசோடு வந்த என்னை
தலைக்கவசம் போட்ட இருவர் மறித்தார்கள்.
பை போனது. சாவிக்கொத்து போனது.
முகம் இல்லாதபடியால்
யாரையும் சந்தேகிக்க முடியவில்லை,
ஆகவே எல்லோரையும் சந்தேகித்தேன்,
மூன்று மாதம்.

சீனக்குடாவில், கழகத்து மண்மேட்டுக்கு முன்னால்
லேசானதில் மக்னம் ஒன்று.
சத்தம் காதுக்கு வரவில்லை,
பல்லுக்கு வந்தது.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
தோல் பிளந்துகொண்டது.
குண்டு எங்கே போனதென்று
மண்மேட்டுக்கும் தெரியாது.
இரண்டாவதற்கு முன்பே
என் கண் தானாக மூடியது.

அதை ஒஸ்மண்ட் கண்டார்.
வேலிக்கு அப்பால்
விறகுக்கட்டைப் போட்டுவிட்டு
இரண்டு கையாலும் தலையைப் பொத்தி
நிலத்தோடு குந்தியிருந்தவளை
அவர் காணவில்லை.
என் வயதுதான் இருக்கும்.
பிறகு எழும்பிச் சீலையைத் தட்டினாள்.
எங்களைப் பார்த்து
தப்புச் செய்தவள்போலச் சிரித்தாள்.

பாரமானதில் முப்பத்தெட்டு போட்டுத் தந்தார்.
அதே துளை, சின்ன மருந்து.
உருக்கு தன் பங்கை வாங்கிக்கொண்டு
மிச்சத்தை மட்டும் என் கைக்குத் தந்தது.
ஐந்தில் நான்கு கடதாசியில் பட்டது.
“அப்ப மக்னம் எதுக்கு?” என்றேன்.
“இருக்கட்டுமே,” என்றார்.
என் வாழ்க்கையில்
இருக்கட்டுமே என்று வாங்கிய எதுவும்
சும்மா இருந்ததில்லை.

பின்னேரம் ஐஸ் கொட்டிலுக்குப் பின்னால்
நளீம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு
கள்ளனாக வந்தான்.
நான் பைக்குள் கைவிட்டேன்.
பற்றுச்சீட்டு வந்தது.
பிரஷர் குளிசை வந்தது.
பாரமானது அடியில் போய்
குடைக்கம்பியோடு கொழுவிக்கிடந்தது.
வெளியே எடுத்தபோது நளீம்
ஏழுவரை எண்ணியிருந்தான்.
“ஏழுக்குள்ள நான் கன்னியா தாண்டிட்டன் அக்கா,” என்றான்.
இருவரும் சிரித்தோம்.
எனக்கு அவன் ஹெல்மெட்டைக் கழற்றும்வரை
சிரிப்பு முழுதாக வரவில்லை.

லேசானதைத் தூக்கலாம், சுடமுடியாது.
பாரமானதைச் சுடலாம்,
பத்தாம் நாள் அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் போவேன்,
என்னை எனக்குத் தெரியும்.
இடுப்பில் கட்டுங்கள் என்கிறார் ஒஸ்மண்ட்.
சீலைக்கு இடுப்பு இருக்கிறதா, அது வேறு கதை.
வங்கிக்கு இரண்டு மணிக்கே போனால் என்ன
என்கிறான் நளீம்.
படகு மூன்றுக்குத்தான் காசு கொடுக்கும்.

பாதுகாப்பு அமைச்சின் படிவத்தில்
தேவைக்கான காரணம் என்று ஒரு கோடு,
நாலு விரல் நீளம்.
அதில் எழுதாமல் வைத்துவிட்டு
கல்லாவைக் கணக்குப் பார்த்தேன்.
கைநடுக்கத்தில் முதல்தரம் நோட்டு ஒன்று குறைந்தது,
இரண்டாம்தரம் இரண்டு கூடியது.

கோட்டை வீதியில் மான்கள்
குப்பைத்தொட்டிக்குள் தலைவிட்டு நின்ற நேரம்
ஒஸ்மண்ட் போனில் கேட்டார்: “எது?”
உப்பு ஐஸ் அள்ளிய கை,
பிளந்த தோலில் எரிந்தது.
“காயம் ஆறட்டும்,” என்றேன்.
ஆறியபின் என்ன சொல்வேனென்று
அவரும் கேட்கவில்லை.