பரிசோதித்தவர் 27

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் மூன்றாவது ஷெட்.
மழைக்கோட்டு தைத்துக்கொண்டிருந்த எங்களிடம்
ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னார்கள்:
இனிமேல் மழை இல்லை, ரத்தம்.
ரத்தம், வாந்தி, வியர்வை, கண்ணீர்
எதுவும் உள்ளே போகக் கூடாது.

அந்த நாட்டின் பெயரை
மேனேஜர் மூன்று விதமாக உச்சரித்தார்.
கோட்டக்குப்பம் கௌசருக்கு மட்டும் தெரிந்திருந்தது.
அவள் சின்ன மாமனார் சமையல் பார்த்த கப்பல்
ஒருமுறை அங்கே மரம் ஏற்ற நின்றதாம்.
"நல்ல மீனாம்" என்றாள்.
அது போதுமானதாக இருந்தது எங்களுக்கு.
மீன் தின்கிற ஊர்.

என் வேலை தைப்பதல்ல,
தைத்ததை நம்பாமல் இருப்பது.
நூறு உடுப்பில் ஒன்றை உருவி
கையையும் காலையும் கட்டி
கழுத்து வழியே நீல மைத் தண்ணீர் ஊற்றித்
தொங்கவிடுவேன்.
தலையில்லாத ஓர் ஆள்
வயிறு உப்பி என் முன் ஆடுவான்.
இருபது நிமிடம் அவனைச் சுற்றி வருவேன்.
தொடைச் சந்து, முதுகு, கக்கம்.
கக்கம்தான் துரோகி.
ஒரு நீலப் பொட்டு வியர்த்தால்
கட்டு முழுவதும் பிரிக்க வேண்டும்.
பீஸுக்குக் கூலி வாங்கும் கோமளவல்லி
மறுநாள் வரை என் முகம் பார்க்க மாட்டாள்.

வியர்க்காவிட்டாலும்
நனைந்தது குப்பைக்குத்தான்.
நான் தொட்டுப் பார்க்காத தொண்ணூற்றொன்பதின்
கழுத்துப் பட்டியில்
என் எண்ணை அடிப்பேன்.
27. 27. 27.
இரவில் தூக்கம் வராததற்கு
வேறு காரணம் சொல்லிக்கொண்டேன்.

பதினோரு நாளில் நாலாயிரம் தேறியது.
லாரி சென்னைக்குப் போனது.
போய், நின்றது.
பெட்டிமேல் ஒட்ட ஸ்டிக்கர் வந்தது:
இந்திய மக்களின் அன்பளிப்பு.
கொடி சிறியதாக இருக்கிறதென்று திரும்பிப் போய்
பெரிய கொடியோடு வந்தது.
வழியனுப்ப வேண்டியவருக்குத்
தேதி அமையவில்லை.

ஆறு நாள்.
டிவியின் கீழே ஓடும் எண்
எழுநூற்றுப் பன்னிரண்டிலிருந்து
ஆயிரத்து நாற்பது ஆகியிருந்தது.
கம்பெனி பஸ்ஸில் கழித்துப் பார்த்தேன்.
பத்துக்கண்ணு தாண்டி வில்லியனூர் வருமுன்
விடை வந்துவிட்டது.
மறுபடி கழித்தேன்.
அதே முந்நூற்று இருபத்தெட்டு.
பக்கத்து சீட்டில் யாரோ
வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

மக்கள் என்றால் நானும்தானே.
அன்பளித்த ஞாபகம் எனக்கில்லை.
ஞாயிறும் வந்தேன்,
ஒன்றரைச் சம்பளம் வாங்கினேன்,
பெண்ணுக்குக் கண்ணாடி போட்டேன்.
யாரோ நாலு பேர் செத்த காசில்
என் பெண்ணுக்குப் போர்டு தெரிகிறது
என்று ஒருநாள் தோன்றியது.
அந்த நினைப்பைக்
குழம்புச் சட்டியோடு சேர்த்துத் தேய்த்தேன்.

பிறகு ஒருநாள் செய்தியில் காட்டினார்கள்.
எல்லாரும் மூடியிருப்பதால்
யார் யாரென்று தெரியாதாம்,
மார்பில் மார்க்கரால்
பெயர் எழுதிக்கொள்கிறார்கள்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
பெண் எழுத்துக் கூட்டினாள்.
"அம்மா... மாரியம்மானு போட்டிருக்கு!"

எனக்கு மயிர் கூச்செறிந்தது.
அம்மை போட்ட வீட்டு வாசலில்
வேப்பிலை செருகுவோம், யாரும் வராதே என்று.
இவள் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு
உள்ளே போகிறாள்.

மறுநாள் ஷெட்டில் கௌசர் அடித்துச் சொன்னாள்,
"அது மரியமாடி, எங்க பேரு."
சாப்பாட்டு மணி வரைக்கும்
ஒருத்திக்காகச் சண்டை போட்டோம்.

ஆனால் அந்த இரவு
பெயரை நான் ஒரு கணம்தான் பார்த்தேன்.
கழுத்துப் பட்டியில் எண் தெரிகிறதா என்று
டிவிக்கு அருகில் போனேன்.
மடிப்பு மறைத்தது.
எங்கள் உடுப்போ, வேறு எவர் தையலோ.
யாரையோ கூப்பிட
அவள் வலது கையை உயர்த்தினாள்.

நான் கக்கத்தைப் பார்த்தேன்.