குச்சி

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஜவ்வரிசி ஆலையின் எடைமேடை.
ராத்திரி ஒன்பதேகால்.
வாசலில் பதினோரு லாரி கிழங்கு.
பிடுங்கிய கிழங்குக்குப் பொறுமை கிடையாது.
நிற்க நிற்க மாவு குறையும்,
பாயிண்ட் இறங்கும்.

கறுப்புத் திரையில் ஒரே வரி:
அப்படி ஒரு சாதனம் இல்லை.
பக்கத்தில் முப்பத்தாறு எழுத்தில்
ஒரு பெயர்.

செத்த டிஸ்கின் பெயர்.
ஒரு வாரமாக உள்ளே பல்லி மாதிரி
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று
ஒருவரும் பார்க்கவில்லை.
மத்தியானம் வந்து கழற்றினேன்.
அதிலிருந்த அத்தனையும் புதியதற்கு மாறிவிட்டது:
எட்டு வருஷ எடைச்சீட்டு, வண்டி எண்கள்,
வராத பாக்கி,
ஆபரேட்டர் கோகிலவாணி ஒளித்து வைத்திருந்த
மகன் காதுகுத்துப் படங்கள்.
ஒன்றும் குறையவில்லை.
எழுப்பப் போகிறவனுக்குத்தான்
வீடு தெரியவில்லை.

எங்கள் சேலத்தில்
புது பஸ் ஸ்டாண்டு என்று ஒன்று இருக்கிறது.
நான் இரட்டைச் சடை போட்ட காலத்தில் புதுசு.
எனக்கு நரைத்தும் புதுசு.
பெயர் பொய்யானாலும்
ஆட்டோக்காரர் சரியாகக் கொண்டுபோய் இறக்குவார்.
இயந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை.
சொன்ன கதவைத்தான் தட்டும்.

பையிலிருந்து பென்டிரைவை எடுத்தேன்.
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
கருமந்துறை சடையப்பன் கேட்டார்:
"இத்துனூண்டு குச்சிய
எங்க நடப் போற?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேட்டது சரி.
லாரி லாரியாய்க் கிடந்தாலும்
கிழங்கை நட்டுச் செடி வராது.
ஒரு சாண் குச்சிதான் முளைக்கும்.
நானூறு ஜிபி கிழங்குக்கு
க்ரப் அந்த ஒரு சாண்.

குச்சியில் எழுப்பி, புது டிஸ்கை மவுண்ட் செய்து,
அதற்குள் இறங்கி நின்று
இதுதான் இனி வேர் என்று சொல்லி,
க்ரப்பை நிறுவச் சொன்னேன்.
பிழை ஏதுமில்லை என்றது.
ரீபூட்.
அதே கறுப்பு. அதே முப்பத்தாறு.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.
எஸ்டிஏ என்று நான் நம்பியது பென்டிரைவ்.
குச்சியைக் குச்சியிலேயே நட்டிருக்கிறேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
டீ வந்தது. குடித்தேன்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது,
எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை.
புதுப் பெயரை எடைச்சீட்டின் முதுகில் எழுதி
கோகிலவாணியை வாசிக்கச் சொன்னேன்.
பி. ஏழு. ஈ. ஒன்பது. கோடு.
ரேஷன் கார்டு சரிபார்க்கிற குரலில்
ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
எஃப்எஸ்டேப்பில் பழையதை எடுத்து இதை வைத்தேன்.
க்ரப்பை எஸ்டிபி-க்கு அனுப்பினேன்.

பதினொன்றரைக்கு எழுந்தது.
எழுந்தும் பாதியில் நின்றது.
சிவப்பு நட்சத்திரம் ஒன்று
திரையில் இடமும் வலமும் நடந்தது,
பிரசவ வார்டு வாசலில் நடப்பதுபோல.
பழைய டிஸ்கிலிருந்த ஸ்வாப் வருமென்று
தொண்ணூறு விநாடி.
வராது என்று தெரியும் எனக்கு.
நானும் இப்படி நின்றிருக்கிறேன்,
விநாடிக் கணக்கில் அல்ல.
அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அந்த வரியை மட்டும் அழிக்கவில்லை.
முன்னால் ஒரு ஹேஷ் போட்டேன்.
பெயர் கிடக்கட்டும்,
யாரும் படிக்க வேண்டாம்.

முதல் லாரி ஏறியது.
பதினான்காயிரத்து இருநூற்று எண்பது.
பிரிண்டர் கரகரத்ததும்
டிரைவர்கள் பீடியை மிதித்து அணைத்தார்கள்.
சடையப்பன் முறை நான்காவது.
"எத்தன பாயிண்டு போச்சோ" என்றார்,
என்னைப் பார்த்து அல்ல,
கிழங்கைப் பார்த்து.

கிளம்பும்போது
ஸ்கூட்டியை மேடைமேலேயே ஓட்டினேன்.
பையில் பழைய டிஸ்க்.
கோகிலவாணி ஜன்னலில் கத்தினாள்:
"அக்கா, நூத்தி எழுவது!"
பத்துப் பத்தாய்த்தான் எண்ணும் அந்த மேடை.
டிஸ்க் அதில் சேர்ந்ததா
இல்லையா,
தெரியவில்லை.