பல் வலி என்று சொல்லிவிட்டு

குத்தாய்சியில் யாரும்
சும்மா ஊருக்குப் போவதில்லை.
சாவு இருக்கவேண்டும், கல்யாணம் இருக்கவேண்டும்,
குறைந்தது ஒரு கையெழுத்து வேலையாவது.
எனக்கோ ஒன்றுமில்லை.
கடல் இரண்டரை மணி நேரத்தில் இருக்கிறது,
எனக்கு வயது நாற்பத்து மூன்று.
இதையெல்லாம் காரணம் என்றால் சிரிப்பார்கள்.
கடைவாய்ப் பல்லைக் காட்டினேன்.

ரொட்டிக் கடை ஓதாரி
அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல் கேட்டார்:
"பதூமியில் என்ன, அவ்வளவு பெரிய டாக்டரா?"
"சல்லிசாகப் பார்க்கிறாராம்."
இரண்டு நாள் கிடைத்தது.

தொண்ணூறு லாரி.
போக இருபது, வர இருபது,
கட்டிலுக்கு இருபத்தைந்து.
மீதியைக் காலுறைக்குள் வைத்தேன்,
நடக்கும்போது குத்தியது,
இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது.

வேனில் என் பக்கத்து இருக்கையில்
ஒரு மூட்டை வெங்காயம்.
அதற்கடுத்து வெங்காயத்துக்குச் சொந்தக்காரி.
மாக்வாலா என்று பேர் சொன்னாள்.
"உன்னைக் கூட்டிப்போக யார் வருவார்கள்?"
"தங்கச்சி."
எனக்குத் தங்கச்சி கிடையாது.
அடுத்த ஊர் தாண்டுவதற்குள்
அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து,
வேலைக்குப் போகாத ஒரு புருஷனும் வாய்த்துவிட்டான்.
மாக்வாலா உச்சுக் கொட்டினாள்.
இறங்கும்போது நாலு வெங்காயம் எடுத்து
என் மடியில் போட்டாள்:
"பாவம், அவளிடம் கொடு."

கடல் வலது ஜன்னல்களில் வந்தது.
நான் இடது பக்கம்.
ஆறு தலைகளுக்கு நடுவே
கிழித்துப்போட்ட காகிதம்போல
அங்கொன்றும் இங்கொன்றும் பார்த்தேன்.
எழுந்து நிற்க வெட்கமாக இருந்தது.

விடுதிப் பையன் கேட்டான், "எத்தனை பேர்?"
வேனிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்,
தங்கச்சி வீட்டில் இடம் போதாது,
சின்னவனுக்கு அம்மை...
வாயில் வந்தது, "ஒருத்தி."
பையன் நிமிரவே இல்லை.
ஒன்று என்று எழுதினான்.
சாவியைத் தள்ளினான்.
இவ்வளவுதானா?

எட்டுப் பேர் அறை. மேல் கட்டில்.
ஏணியில் ஏறிப் பையை வைத்துவிட்டு
இறங்கத் தெரியாமல்
கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது.
பதூமிக் கரையில் மணல் இல்லை, கூழாங்கல்தான்.
செருப்பைக் கழற்றினால் ஒவ்வொரு அடிக்கும்
"அம்மா" என்கவேண்டியிருந்தது.
இருபத்திரண்டு வருஷ அடுப்பில்
என் முன்கையில் ரோமம் முளைப்பதில்லை.
முழங்கை வரை தண்ணீரில் விட்டேன்.
போன வாரத்துச் சூட்டுக்காயம்
உப்புப் பட்டுச் சுரீரென்றது.
எடுக்கவில்லை.

சாயங்காலம் படகு ரொட்டி வாங்கினேன்.
பதினெட்டு லாரி!
மாவு, பாலாடைக்கட்டி, ஒரு முட்டை,
எப்படிக் கூட்டினாலும் ஆறுக்கு மேல் வராது.
அடிப்பக்கம் இன்னும் இரண்டு நிமிஷம் வெந்திருக்கலாம்.
ஆனாலும்
இன்னொருத்தர் சுட்டு,
இன்னொருத்தர் சுமந்து வந்து,
"சூடு, பார்த்து" என்று என்னிடம் சொன்னார்கள்.
ஓரத்தைப் பிய்த்து மஞ்சளில் தோய்த்துத்
தட்டு வெளுக்கும்வரை தின்றேன்.

ராத்திரி பக்கத்து வீட்டு ஜூஜூனா போன் செய்தாள்.
"பிடுங்கியாச்சா?"
"நாளைக்கு."
கீழ்க்கட்டிலில் கஜக்ஸ்தான் பெண்கள் இரண்டு பேர்
எனக்குப் புரியாத மொழியில் சண்டை போட்டுச்
சமாதானமாகித் தூங்கினார்கள்.
நான் தூங்கவில்லை.
தூங்கினால் இருபத்தைந்து லாரி
வீணாகிவிடும்போல் இருந்தது.

காலையில் கையில் ஏழு லாரி.
முந்தாநாள் ரொட்டியும்
தங்கச்சியின் வெங்காயமும் தின்றேன்.
அவளுக்கென்று கொடுத்ததைத் தின்கிறோமே என்று
ஒரு கணம் உண்மையாகவே உறுத்தியது.

திரும்பும்போது வலது பக்கம் இடம் பிடித்துவிட்டேன்,
போகிற திசை மாறியது நினைவில்லாமல்.
மறுபடியும் தலைகள்.
கரையில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்றைத்
துடைக்காமல் வாயில் போட்டு
கடைவாயில் ஒதுக்கிக்கொண்டேன்.
ஊர் வரை உப்புக் கரித்தது.

தெருமுனையிலேயே ஜூஜூனா.
என் கன்னத்தைப் பார்த்தாள்.
"அடிப்பாவி, இப்படி வீங்கியிருக்கே!"
தலையசைத்தேன்.
"சரியாயிடுமா?"
கல்லை நாக்கால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னேன்:
"இன்னும் ரெண்டு தடவை வரச் சொல்லியிருக்கார்."