முப்பத்திரண்டு அங்குலம்

தலைக்கு இருபது வெள்ளி.
பன்னிரண்டு தலை.
துவாஸ் விடுதி, நான்காம் மாடி, கடைசி அறை.
டிவி வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள்.
படித்தவன் என்பதால் அல்ல.
சைட்டில் சர்வேயருக்குக் கண்ணாடிக்கோல் பிடிக்கிறவன்,
மில்லிமீட்டருக்கு விலை தெரிந்தவன் என்று
சேவுகன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறான்.

ஞாயிறு மாலை, சையது ஆல்வி சாலை.
தோளை ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது.
கடைக்குள் சுவர் முழுக்க ஒரே கிளி
நாற்பது டிவியில் நாற்பது முறை பறந்தது.
விலை ஏற ஏற
அதற்கு இறகு கூடிக்கொண்டே போனது.

"ஃபோர் கே எடுங்கண்ணே, எதிர்காலத்துக்கு ஆகும்."
பெர்மிட் இன்னும் பதினாலு மாசம்தான் தம்பி என்றேன்.
பையன் சிரிக்கவில்லை.
பிறகு, வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்வியைக் கேட்டான்:
"எவ்வளவு தூரத்துலேர்ந்து பார்ப்பீங்க?"

சட்டைப்பையிலிருந்து சிமெண்டுப் பைக் காகிதத்தை எடுத்தேன்.
காலையிலேயே டேப் பிடித்து அளந்திருந்தேன்.
கலியமூர்த்தி, கீழ்க்கட்டில், ஒன்றே கால் மீட்டர்.
அவனுக்கு மேலே மைதீன்; தூரம் அதேதான்,
கழுத்து வலிக்குத் தனிக் கணக்கு.
சேவுகன் இரண்டு எழுபது.
இருளப்பன் மூன்று பத்து.
நான் நாலு.
கதவோரம் அந்தோணி, ஐந்து மீட்டர் நாற்பது.
மற்றவர்கள் இதற்கு நடுவே, மேலும் கீழுமாய்.

பையன் கால்குலேட்டரைத் தட்டினான்.
முப்பத்திரண்டு அங்குலத்தில் ஆயிரத்து எண்பது வரி
ஒன்றே கால் மீட்டர்க்காரனுக்குத்தான் முழுசாய்ப் போய்ச் சேரும்.
இரண்டு மீட்டர் தாண்டினால்
எழுநூற்று இருபதும் அதுவும் ஒன்றுதான்.
ஃபோர் கே தெரிய வேண்டுமானால்
மூக்கு கண்ணாடியில் இடிக்க வேண்டும்.
"உங்க ரூம்ல அது ஒரே ஆளுக்குத்தாண்ணே."

அந்த ஒரே ஆள் கலியமூர்த்தி.
விடிகாலை மூன்றுக்கு லாரி ஏறுகிறவன்.
இரவு எட்டு மணிக்கே
முகத்தில் ஈரத்துண்டு போட்டுவிடுவான்.

எழுநூற்று இருபதையே எடுத்தேன்.
மிச்சத்தில் சுவர்க் கொக்கி, நீள ஒயர்,
பன்னிரண்டு பொட்டலம் பரோட்டா.
ஜூ கூன் வரை ரயிலில்
பெட்டிக்கு இடம் கிடைத்தது, எனக்கு இல்லை.

அன்றிரவே கிரிக்கெட்.
"எத்தனை ரன், எத்தனை ரன்" என்று
அந்தோணி கதவோரத்திலிருந்து கத்தினான்.
அது வரியின் குற்றமில்லை, அங்குலத்தின் குற்றம்
என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.
மைதீன் ஸ்கோர் வாசிப்பவன் ஆனான்.

வியாழக்கிழமை இருளப்பனுக்குப் பெண் பிறந்தது.
ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து மச்சான் அழைத்தான், வீடியோவில்.
போனிலிருந்து டிவிக்கு ஏற்றிக்கொடுத்தேன்.
அங்கே சிக்னல் ஒற்றைக் கோடு.
வந்தது குழந்தை இல்லை, கட்டம்.
செங்கல் நிறத்தில் பத்து, பழுப்பில் ஏழெட்டு,
நடுவே கறுப்பாய் இரண்டு அசைந்தன.
இருளப்பன் திரையை முட்டிக்கொண்டு நின்றான்.
விரலால் துடைத்துப் பார்த்தான்.
"கொஞ்சம் நல்லதா வாங்கியிருக்கலாம்ல" என்றான்,
என்னைப் பார்க்காமல்.

"காலை மிதிக்கிறடா" என்றது
துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவன் ஓர் எட்டு பின்னால் வைத்தான்.
நின்றான்.
இன்னொன்று.
கட்டங்களின் ஓரம் கரைய ஆரம்பித்தது.
மூன்று மீட்டரில் நெற்றி வந்தது.
நாலில் மூக்கு.
கதவோரச் செருப்புக் குவியலில் ஏறி,
அந்தோணியின் கட்டில் கம்பியைப் பிடித்தபடி,
"இங்கேர்ந்து தெரியுது" என்றான்.

எல்லோரும் இறங்கி அங்கே போனோம்.
ஒருத்தன் தோளில் ஒருத்தன் தாடை.
பதினோரு பேர், ஐந்து மீட்டர் நாற்பதில்.
சத்தம் மட்டும் முதலிலிருந்தே தெளிவாய் இருந்தது:
வீல் வீலென்று.

கலியமூர்த்தி துண்டை விலக்கி
ஒன்றே கால் மீட்டரிலிருந்து
கட்டங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"யாரு ஜாடைடா?"