கீழே போகிறவர் கவனத்துக்கு

மேய்ச்சல் நிலம் முடியும் இடத்தில்
நீலக் கயிறு கட்டிய கதவு.
அருகே கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி:
"கீழே போகிறவர் எடுத்துச் செல்லவும்."
உள்ளே ரொட்டி, தீப்பெட்டிக் கட்டு,
போன வாரத்துச் செய்தித்தாள்.

நான் கடல் பார்க்க வந்தவன்.
பையில் இடமிருந்தது.

கயிற்றை அவிழ்க்குமுன் டியோலிண்டா வந்தார்,
கையில் பால் வாளி, காலில் ரப்பர் பூட்ஸ்.
ஒரு சின்ன அட்டையை நீட்டினார்.
காது மெஷின் பேட்டரி, நான்கு.
"எர்மீனியோவிடம் கொடு.
பதினொரு நாளாய்க்
கேட்காத சுகத்தில் இருக்கிறான்."
கணவரா என்று நான் கேட்கவில்லை.
அந்தக் குரலிலேயே இருந்தது.

பாதை மேகத்துக்குள் தொடங்கியது.
இருபுறமும் ஹைட்ரேஞ்சியா வேலி
ஈரத்தில் கனத்துத் தோளில் இடித்தது.
எத்தனை வளைவு என்று
முழங்கால்தான் கணக்கு வைத்தது.
பாதியில் மேகத்தின் அடித்தட்டு வந்தது.

கீழே,
எப்போதோ மலை இடிந்து கடலில் சரிந்த மண்மேல்
பதினான்கு கூரைகள்.
ஃபஜா என்கிறார்கள் இந்தத் தீவுகளில் அப்படிப்பட்ட நிலத்தை.
என்னவோ குறைகிறதே என்று
நெடுநேரம் பார்த்தேன்.
கம்பி. வானத்தில் கோடு இல்லை.

முதலில் ஒரு நாய் வரவேற்றது.
பிறகு லூசீலியா.
சிப்பி கழுவிய கையாலேயே சாமான்களைப் பிரித்தாள்,
ரொட்டி யாருக்கு, தீப்பெட்டி யாருக்கு என்று.
செய்தித்தாளில் மரண அறிவிப்பை மட்டும் படித்து
"நம்மவர் யாருமில்லை" என மடித்து வைத்தாள்.
அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டு.
அதில் ஒரு கோழி அடைகாக்கிறது.

எர்மீனியோ சேப்பங்கிழங்குப் பாத்தியில் குனிந்திருந்தார்.
தோளைத் தொட்டு அட்டையைக் காட்டினேன்.
கால்சட்டையில் கை துடைத்து
பொத்தான் அளவு மின்சாரத்தைக்
காதில் பொருத்திக்கொண்டார்.

ஒரு அலை
கூழாங்கற்களை வாரி இழுத்துக்கொண்டு பின்வாங்கியது.
அவர் முகம் சுருங்கியது.
"எப்போதும் இப்படித்தான் கத்துமா இது?"
என்னைக் கேட்டாரா, கடலையா.
அடுத்து சேவல். நாய்.
இன்னொரு அலை.
கழற்றிச் சட்டைப்பையில் போட்டு
பொத்தானும் மாட்டினார்.
மறுபடி பாத்தி.

மதியம் பூண்டு போட்ட சிப்பி,
தொட்டுக்கொள்ள நான் சுமந்து வந்த ரொட்டி.
காசு வாங்கவில்லை, பாரம் கொடுத்தார்கள்.
ஏறும்போதும் வெறும் முதுகோடு போகக் கூடாதாம்.
ஒரு பாலாடைக்கட்டி,
ஒட்டுப்போட வேண்டிய ஒற்றை பூட்ஸ்,
கடைசி நேரத்தில் ஓடிவந்து எர்மீனியோ திணித்த
ஆறு சேப்பங்கிழங்கு, மண் போகத் தேய்த்துக் கழுவியது.
டியோலிண்டாவின் முழங்கால்கள்
மூன்று வருடமாய் இந்தப் பாதையை மறுக்கின்றன
என்று லூசீலியா சொன்னாள்,
எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே.

மேலே கதவருகில் நின்றிருந்தார்.
ஏழு மணிப் பேருந்து அடுத்த வளைவில் உறுமியது.
"போட்டானா?"
போட்டார்.
"என்ன சொன்னான்?"
கடலைப் பற்றி ஏதோ.
கிழங்குகளை எண்ணினார்.
ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் வைத்திருந்தார் கொஞ்சம்.
"எவ்வளவு நேரம் வைத்திருந்தான் காதில்?"

ஒரு சேவல், ஒரு நாய்,
இரண்டு அலை என்றேன்.

"அவ்வளவு நேரமா!" என்றார்.