ம் வ் த்

ஹவல்லியில் ஒரு டைப்பிங் சென்டர்.
முதுகுக்குப் பின்னால் ஏசி சொட்டும் வாளி.
பகலெல்லாம் அரபியில் மனு அடிக்கிறேன்.
இரவில், கெட்டுப்போன மனுக்களின் பின்பக்கம்
ஆந்தை வரைகிறேன், காடைக்குஞ்சு வரைகிறேன்.

ஆந்தை ம். குஞ்சு வ். ரொட்டித் துண்டு த்.
பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ
அந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும்.
முகத்துக்கு எதிரே போ, முதுகுப்பக்கமாய் வராதே
என்கிறது இரண்டு தினாருக்கு வாங்கிய
அட்டை போன எகிப்திய இலக்கணம்.
கவுன்டரில் நிற்பவர்களுக்கும் அதே விதிதான்.

உயிர் எழுதும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.
மூவாயிரம் வருஷத்துக்கு மேல் மெய் மட்டும்.
படிப்பவன் வாய் நகர வேண்டுமே என்று
அறிஞர்கள் நடுநடுவே ஒரு 'எ' போட்டுக்கொள்கிறார்கள்.
எந்த ராஜாவும் சொன்ன 'எ' அல்ல,
எந்தக் கொத்தனும் சொன்ன 'எ' அல்ல,
சாயாமல் இருக்க முட்டுக்கொடுத்த கட்டை.

என் பெயர் வெள்ளிங்கிரி.
சிவில் ஐடியில் வ ஃப ஆனது, ள கரைந்தது, கி ஜியாகிவிட்டது.
ஃபிலின்ஜரி என்றாலும் திரும்பிப் பார்க்கிறேன்.
பக்கத்து மேசை ஹானி மட்டும்
(கெய்ரோவில் ஷுப்ராக்காரன்,
அங்கே ஜீமுக்கு 'க' என்றுதான் சத்தம்)
ஃபிலின்கிரி என்பான். அதுவே பெரிய மரியாதை.
அவன் பாட்டன்மார் எழுதியதில்
ஒரு குஞ்சுகூட அவனுக்குத் தெரியாது.
"அதெல்லாம் ஜெர்மன்காரனுக்கு" என்று தாமியா நீட்டுவான்.

செவ்வாய்க்கிழமை ஃபஹாஹீலிலிருந்து இரண்டு பேர்.
இசக்கிமுத்து, வெல்டர், வள்ளியூர்ப் பக்கம்,
தூக்கத்திலேயே போய்விட்டான்.
ஃபிரீசரில் பதினொரு நாளாக
மெய் மட்டும் கிடக்கிறது.
பாஸ்போர்ட்டில் இசக்கிமுத்து.
இறப்புச் சான்றிதழில் வெறும் இசக்கி.
இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்கி வா
என்கிறார்கள், எல்லா ஜன்னலிலும்.

மூன்று தாளையும் பக்கம் பக்கமாகப் பரப்பினேன்.
தெரிந்த வரியை வைத்துத்
தெரியாத வரியைத் திறப்பது
கல் படித்தவர்களின் பழைய வித்தை.
சிவில் ஐடியில் இசக்கி, ஓர் இடைவெளி,
பிறகு மீம், வாவ், தே.
கடைசிக் குற்றியலுகரம்
எந்த ஆபீஸிலோ உதிர்ந்திருந்தது.

மௌத்.
அரபியில் சாவு.
ஆஸ்பத்திரி குமாஸ்தா பார்த்திருக்கிறான்:
இசக்கி, சாவு.
சாவுச் சான்றிதழில் சாவென்று
இன்னொரு தரம் எதற்கு?
நல்ல மனதோடு அடித்துவிட்டான்.

முந்தைய இரவுதான் அதை வரைந்திருந்தேன்.
ம் வ் த், கடைசியில்
தலையில் ரத்தம் வழிய விழும் ஓர் ஆள்: சாவு.
அதே ம் வ் த்,
பிணந்தின்னிக் கழுகாக நின்று
பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தால்: அம்மா.
கடைசிப் படத்துக்குச் சத்தம் கிடையாது.
இது இன்ன வகைச் சொல் என்று
கண்ணுக்கு மட்டும் சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

ஹானியிடம் சொன்னேன்,
மௌத் இல்லைடா, முத்து. லூலூ.
வந்தவர்களில் ஒருவன் குனிந்து,
"அண்ணே, அவன் லூலூல வேலை பாக்கல,
வெல்டர்" என்றான்.

ஹானி சிரிக்கவில்லை. அடித்தான்:
மேற்படி சொல் மரணத்தைக் குறிப்பதன்று,
கடலில் மூழ்கி எடுக்கும் பொருளைக் குறிப்பது.
அடித்துக்கொண்டே, "எங்கள் கோயில் பாஷையில்
சாவுக்கு 'மூ'. அம்மாவுக்கு 'மாவ்'.
வெள்ளிக்கிழமை பாதிரியார் ஓதுவார், பாதி புரியும்."

என் கை நின்றுவிட்டது.
கட்டை வைத்து முட்டுக்கொடுத்த இடத்து உயிர்
தாமியா எண்ணெய் படிந்த உதட்டில்
இத்தனை வருஷமாய்
ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

மனுவோடு ஊரிலிருந்து வந்த தாளையும் பின் செய்தேன்.
உடலைப் பெறுபவர்: பேச்சியம்மாள், தாய்.
கீழே நீல மையில்
ஒரு பெருவிரல்,
வாயை மூடிக்கொண்டு.