பத்து மீற்றர்

தைலத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள்.
ஒட்சிசனுக்கு எண்ணெய் ஆகாதாம், பற்றிக்கொள்ளும்.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டேன்;
மொளி வீங்கிய விரல்களில்
ஒன்பது வருட மணம்.
மோதிரமும் கழலவில்லை.
திசர யோசித்துவிட்டு
அதன்மேல் ஈரப் பஞ்சு சுற்றினான்.

கதவு மூடக் காது அடைத்தது.
கட்டுநாயக்கவில் இறங்குகையில் போல
எச்சில் விழுங்கினேன்.
"அக்கா, இப்ப பத்து மீற்றர்" என்றது ஒலிபெருக்கி.
நாரஹேன்பிட்டியில்,
வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில்,
ஒரு சொட்டும் நனையாமல்.

முகமூடி கழற்றும் ஐந்து நிமிடத்தில்
எதிர் இருக்கை லெம்பேட் சிரித்தார்.
கடலட்டைக்குச் சுழியோடி
அவசரமாய் மேலே வந்ததில் கால் மரத்தவர்.
"மெதுவாத்தான் ஏறோணும், தங்கச்சி.
இல்லாட்டி கடல் மூட்டுக்குள்ள வந்திரும்."

நான் வெள்ளவத்தையில் இருபது வருடம்.
கடலில் கால்கூட நனைத்ததில்லை.

டொக்டரும் சத்தியம் பண்ணவில்லை:
வாதத்துக்கு இது கேட்கும் என்று சொல்ல
ஆதாரம் போதாது,
குளிசையை விட்டுவிடாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில்
கொண்டக்டர் மிச்சம் தந்தார்,
நாலைந்து குத்திக்காசு.
ஒன்றுதான் விழுந்தது.